ஒரே கொடையில் நாடகாசிரியர் ஆவது எப்படி?

நாஞ்சில் நாட்டில் நாடகம் எழுதுவது என்று முடிவு செய்துவிட்டீர்கள். நல்லது. வீட்டில் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். நோட்டீஸில் பெயர் வந்ததும் அவர்களே தெரிந்துகொள்வார்கள், பெயர் வந்தால். ஒரு பேனா, ஒரு கோடு போட்ட நோட்டு, ஊரில் ஒரு கோயிலோ சர்ச்சோ, அதற்கு ஒரு கமிட்டி, இவ்வளவும் இருந்தால் போதும். கீழே சொல்வதில் பாதியை நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். அதையே முறைப்படி செய்யக் கற்றுக்கொள்ளுங்கள்.

1. முதலில் வேறு வேலை தேடுங்கள்

ஒன்றாம் தேதி சம்பளம் வருகிற வேலையாக இருக்கட்டும். முன்னோர்களும் அப்படித்தான் செய்தார்கள். பம்மல் சம்பந்த முதலியார் தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதியவர். வக்கீலாக இருந்து நீதிபதியானவர். ‘மனோன்மணீயம்’ எழுதிய பெ. சுந்தரம் பிள்ளை திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியர். நாடகத்தை மட்டுமே நம்பியவர் சங்கரதாஸ் சுவாமிகள். கல்யாணம் கிடையாது, சொந்த வீடு வாசல் கிடையாது. கடைசிக் காலத்தில் பக்கவாதம் வந்து 1922-இல் புதுச்சேரியில் காலமானார். விட்டுப்போனவை நாடகங்கள்தாம். அவற்றின் கதி என்ன என்பதை எட்டாம் பாடத்தில் பார்ப்போம்.

உள்ளூர் உதாரணம் வேண்டுமென்றால் ஒழுகினசேரி என்.எஸ். கிருஷ்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றுத் தொடங்கியவர் அவர். கொட்டகைக்குள் அன்றன்றைக்கே காசு கைக்கு வந்த தொழில் அதுவாகத்தான் இருந்திருக்கும். பிறகு டி.கே.எஸ். சகோதரர்களோடு சேர்ந்து நடித்தார், சினிமாவுக்குப் போனார், நாகர்கோவிலில் பெரிய வீடு கட்டினார். எழுதப் போகும் முன் இந்த வரிசையை ஒருமுறை பாருங்கள். விற்பனை, நடிப்பு, சினிமா, வீடு. எழுத்து இதில் எங்காவது வருகிறதா? அது தெரிந்தும் நீங்கள் எழுதத்தான் போகிறீர்கள். சபாஷ்.

2. எதையும் பார்க்காதீர்கள்

நாடகம் எழுதுகிறவன் நாடகம் பார்த்தால் கெட்டுப்போவான். முக்கியமாக, கோயில் கொடைத் திருவிழா அன்று வில்லுப்பாட்டு மேடைப் பக்கம் போகவே கூடாது. அங்கே புலவர் என்ன செய்கிறார் தெரியுமா? பாடிக்கொண்டே கூட்டத்தின் முகத்தைப் பார்க்கிறார். சாமியாடி இன்னும் அசையவில்லையா, கதையை இழுக்கிறார். உடம்பு குலுங்க ஆரம்பித்துவிட்டதா, நாலு சம்பவத்தைத் தாண்டி நேரே தெய்வம் பிறக்கிற இடத்துக்கு வந்துவிடுகிறார். பின்வரிசையில் ஆச்சி ஒருத்தி கண்ணைத் துடைத்தால் அந்த இடத்தில் வில்லை அடித்து இன்னொரு சுற்றுப் போகிறார். இதெல்லாம் கண்ணில் பட்டால் நாடகம் என்பது எதிரே உட்கார்ந்திருப்பவர்களோடு சேர்ந்து செய்கிற காரியம் என்று உங்களுக்குத் தோன்றிவிடும். அப்புறம் நாற்பது பக்கத்தை எப்படி எழுதுவீர்கள்?

களியக்காவிளைக்கு அந்தப் பக்கமும் எட்டிப் பார்க்க வேண்டாம். மலையாளத்து நாடகக் குழுக்களுக்கு அங்கே திருவிழாக் காலம் முழுக்க புக்கிங் ஓடுகிறது. ஒரு மேடைக்கு இவ்வளவு என்று பேசி அட்வான்ஸ் வாங்குகிறார்கள். 1952-இல் கே.பி.ஏ.சி. மேடையேற்றிய ‘நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி’யை எழுதியது யார் என்று கேட்டால் டீக்கடைக்காரர்கூடத் தோப்பில் பாசி என்று சொல்வார். கெட்ட பழக்கம். நம் பக்கம் அப்படியா? டி.கே. சண்முகம் ஔவை வேடம் போட்டு ‘அவ்வை சண்முகம்’ ஆனார். வடசேரி சந்தையில் நாலு பேரை நிறுத்தி, அந்த நாடகத்தை எழுதியது யார் என்று கேட்டுப் பாருங்கள். மூன்று பேர் கையை விரிப்பார்கள். நாலாவது ஆள், “ஔவையார் பாட்டியே எழுதியிருப்பாளாயிருக்கும்” என்பார்.

3. கதைக்கு ஒரு ராஜாவைப் பிடியுங்கள்

எந்த ராஜா என்பது முக்கியமில்லை. கிரீடம் வாடகைக்குக் கிடைக்கிறது என்பதுதான் முக்கியம்.

இந்த மண்ணில் நடக்கும் விஷயத்தை எழுதலாமா என்று ஒரு சபலம் வரும். 1906-இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணை இருக்கிறது. அதிலிருந்து கால்வாய் வழியாகத் தண்ணீர் வருகிறது. மேல்வரம்புக்காரன் மடையைத் திறந்து வைத்துக்கொள்கிறான். கடைவரம்பில் நாற்று காய்கிறது. ராத்திரி மண்வெட்டியோடு ஒருவன் வரப்பில் காவல் நிற்கிறான், எதிர்க்கரையில் இருட்டில் அவனுடைய மைத்துனன் நிற்கிறான். போதாததற்கு, பத்து வருஷம் கழித்து அந்த வயலே பிளாட் ஆகிறது. வாங்க வருகிறவனும் சொந்தக்காரன்தான். நாடகத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒன்றும் வேண்டாம். அதனால்தான் எழுதக் கூடாது. நல்ல வில்லன் முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் துண்டு போட்டு உட்கார்ந்திருப்பார், பெரும்பாலும் தலைவராக.

வழிகாட்டியாக ‘மனோன்மணீய’த்தையே வைத்துக்கொள்ளுங்கள். 1891-இல் வந்த அந்த நாடகத்தில் பாண்டியனுக்கும் சேரனுக்கும் சண்டை மூளுவதற்குக் காரணம் யாருக்கு நாஞ்சில் நாடு என்கிற வழக்குதான். மந்திரி குடிலன் அதைக் கிளறிவிட்டுக் குளிர்காய்கிறான். நம் வயலுக்காகத்தான் சண்டை. பேசுவது முழுக்கச் செய்யுளில். ஐந்து அங்கம், இருபது களம், சுரங்க வழி, கனவில் காதல் என்று எல்லாம் இருக்கிறது. மேடையைவிடப் புத்தகத்தில்தான் அது அதிக காலம் குடியிருந்தது. அதன் பெயரில் 1990-இல் திருநெல்வேலியில் ஒரு பல்கலைக்கழகமே வந்துவிட்டது, நம் மாவட்டத்துக் கல்லூரிகளுக்கும் அதுதான் தாய்வீடு. நாடகத்தின் முதலில் இருக்கும் தமிழ்த்தெய்வ வணக்கத்தை 1970-இல் அரசு விழாக்களுக்கு எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் எந்த ஊர் மேடையில் மைக் வைத்தாலும் அது கேட்கிறது, மொத்தப் பேரும் எழுந்து நிற்கிறார்கள். முடிந்ததும் உட்கார்ந்துவிடுகிறார்கள். அதற்குப் பின்னால் நாடகம் என்று ஒன்று இருக்கிறதே, அதை யாரும் கேட்பதில்லை. இதிலிருந்து தெரிவது என்ன? கடவுள் வாழ்த்தை நன்றாக எழுதிவிடுங்கள். மிச்சத்துக்கு அவசரமில்லை.

4. யாரும் பேசாத மொழியில் வசனம் எழுதுங்கள்

உங்கள் வீட்டில், ராத்திரி நேரம் கழித்து வந்த மகனைப் பார்த்து அம்மா என்ன கேட்பாள்?

“எங்கல பெய்ட்டு வாற? கஞ்சி ஆறிக் கெடக்கு.”

கவனியுங்கள். ஆறே சொல். கோபம் இருக்கிறது, பயம் இருக்கிறது, அதுவரை அவளும் சாப்பிடவில்லை என்பதும் இருக்கிறது. மகன் செம்பைத் தேடுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும், அவன் எங்கே போய் வந்தான் என்று பார்க்கிறவனுக்குத் தெரிந்துவிடும். இது எழுத்துக்கு உதவாது. இதை எழுதினால், “இது எங்க வீட்டுலயும் பேசுறதுதானே, இதுக்கு எதுக்கு எழுத்தாளர்?” என்பார்கள். எனவே திருத்துங்கள்:

“மகனே! என் குலவிளக்கே! கதிரவன் மேற்கடலில் மூழ்கி நாழிகை பல கடந்தனவே! இவ்வளவு நேரம் எங்கு சென்றிருந்தாய்? உன்னை எண்ணி எண்ணி இத்தாயின் உள்ளம் எரிமலையெனக் குமுறுவதை நீ அறியமாட்டாயா?”

பாருங்கள், எவ்வளவு நிறைவாக இருக்கிறது! நடிக்கிறவனுக்குச் செய்ய எதுவும் மிச்சமில்லை. பார்க்கிறவனுக்கு ஊகிக்க எதுவும் மிச்சமில்லை. மகனும் இதே நீளத்தில் பதில் சொல்ல வேண்டும். அப்பா கதவுப் பக்கம் நின்று இருவருக்கும் சேர்த்து ஒரு தத்துவம் சொல்ல வேண்டும்.

ஊர்ப் பேச்சை அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை. வேலைக்காரனுக்கும் திருடனுக்கும் குடிகாரனுக்கும் கொடுங்கள். விளவங்கோட்டுக்காரன் ஒருவனைக் கொண்டுவந்து ‘வெள்ளம்’ என்று தண்ணீர் கேட்க வைத்தால் தோவாளைப் பக்கத்தில் கைதட்டு நிச்சயம். மார்த்தாண்டம் பக்கம் மேடையேற்றினால் அதைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

தோல்பாவைக்கூத்துக்காரரிடமிருந்து மட்டும் எதையும் கற்றுவிடாதீர்கள். திரைக்குப் பின்னால் ஒற்றை ஆளாக உட்கார்ந்துகொண்டு ராமனுக்கும் ராவணனுக்கும் கோமாளிகளுக்கும் அவரே குரல் கொடுக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் எவர் பேசுகிறார் என்பது தெரிகிறது. ஒரு வாயிலிருந்து இருபது பேர் வருகிறார்கள். உங்கள் நாடகத்தில் இருபது வாயிலிருந்தும் ஒரே ஆள்தான் வர வேண்டும், அது நீங்களாக இருக்க வேண்டும்.

5. நன்கொடைப் பட்டியலைப் பார்த்துப் பாத்திரம் படையுங்கள்

கதை யோசித்துவிட்டு நடிகரைத் தேடுகிறவன் அனுபவமில்லாதவன். ரசீது புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு எழுத உட்காருங்கள். அதிகம் எழுதியவருக்கு ராஜா. அடுத்தவருக்குச் சேனாதிபதி. வளைகுடாவிலிருந்து லீவில் வந்திருப்பவருக்கு நண்பன் வேடம். அவர் பாதியில் விமானம் ஏறிவிடுவார் என்பதால் இரண்டாம் அங்கத்தில் அந்த நண்பன் போரில் சாகட்டும். வெறும் தலைக்கட்டு வரி கொடுத்த வீட்டுப் பையன்களுக்கு வேல் பிடிக்கிற வேலை. கொடுக்காத வீட்டுப் பையனுக்கு நடிப்பு வரும் என்று யாராவது சொல்வார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கிறிஸ்துமஸ் நாடகமாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. எல்லோரும் ஏரோது வேடம்தான் கேட்பார்கள், சத்தமாகச் சிரிக்கலாம் என்பதால். யோசேப்பு வேடத்துக்கு ஆளே கிடைக்காது. நாலு ஏரோதுகளை வைத்து எழுதுங்கள். சரித்திரத்திலும் ஏரோது என்ற பெயரில் ஒருவர் மட்டும் இருக்கவில்லை.

கதாநாயகி ஒரு சிக்கல். ஊரில் பெண்பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள். வெளியூரிலிருந்து நடிகையைக் கூப்பிட்டால் முன்பணம் கேட்பார், வண்டிச் சத்தம் கேட்பார், வசனம் எங்கே என்றும் கேட்பார். மூன்றும் நியாயம்தான் என்பதால் பேசி ஜெயிக்க முடியாது. ஆகவே முதல் காட்சிக்கு முன்பே கதாநாயகியைச் சாகடித்துவிடுங்கள். மாலை போட்ட படம் ஒன்று போதும். தோவாளை பக்கத்தில் இருக்கும்போது பூவுக்கா பஞ்சம்?

6. சினிமாவை நினைத்துக் காட்சி அமையுங்கள்

உங்கள் நாடகத்தை ஒரு டைரக்டர் பார்க்கப் போகிறார். தற்செயலாக அந்தப் பக்கம் காரில் வருவார், வண்டி பஞ்சர் ஆகும், இறங்கி நின்று பார்ப்பார். அவரை நினைத்து எழுதுங்கள். காட்சி ஒன்று அரண்மனை, காட்சி இரண்டு நடுக்கடல், மூன்று முத்துக்குளி வயல், நாலு மறுபடி அரண்மனை, ஆனால் இருபது வருஷத்துக்கு முன்பு. அவள் கண்ணோரத்தில் ஒரு துளி நீர் திரள்கிறது என்று அடைப்புக்குறிக்குள் எழுதுங்கள். முப்பது அடிக்கு அப்பால் புளியமரத்தடியில் நிற்கிறவனுக்கு அது எப்படித் தெரியும் என்று கவலைப்படாதீர்கள்.

காட்சிக்குக் காட்சி படுதா இறக்கி ஏற்றுவதற்கே பாதி நேரம் போகும். அந்த இருட்டில் ஆர்மோனியக்காரர் சினிமாப் பாட்டு வாசிப்பார். நாடகத்தில் எது நன்றாக இருந்தது என்று மறுநாள் கேட்டால் ஜனங்கள் அதைத்தான் சொல்வார்கள்.

7. கமிட்டிக்குப் படித்துக் காட்டுங்கள்

போலீசுக்கு நாடகத்தைக் கொடுத்து அனுமதி வாங்கும் காலம் ஒன்று இருந்தது. 1954-இல் சென்னை மாநிலத்தில் அதற்கென்றே சட்டம் போட்டார்கள், எம்.ஆர். ராதாவின் நாடகங்களை அடக்கத்தான் என்று பேசிக்கொண்டார்கள். எழுத்தாளர் ஞாநி வழக்குப் போட்டு, 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகள் செல்லாது என்று சொல்லிவிட்டது. பயப்பட வேண்டாம், அதனால் நமக்குச் சுதந்திரம் எதுவும் வந்துவிடவில்லை. கமிட்டி இருக்கிறது. அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கட்டன்சாயாவும் ரசவடையும் வந்த பிறகு, படிக்கத் தொடங்குங்கள்.

முதல் பக்கத்தில் மந்திரி கெட்டவன் என்று வரும். செயலாளர் நிமிர்ந்து உட்காருவார். “மந்திரின்னா யாரைச் சொல்லுதீரு?” மந்திரியை எடுத்துவிடுங்கள்.

புரோகிதர் பொய் சொல்கிறார். “போத்தி மனசு கஷ்டப்படும்.” எடுத்துவிடுங்கள். சர்ச்சில் என்றால் அது போதகராக இருக்கும். அப்போதும் எடுத்துவிடுங்கள்.

ஜமீன்தார் குத்தகைப் பாட்டம் கேட்டு மிரட்டுகிறார். ஒரு நீண்ட மௌனம். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். நீங்களே எடுத்துவிடுங்கள்.

குடிகாரன் விழுந்து எழுகிறான். “நம்ம பயக்க யாரும் குடிக்கிறதில்லியே” என்று ஒருவர் சொல்வார், வாயைத் துடைத்துக்கொண்டே. எடுங்கள்.

ராஜகுமாரன் வேறு குலத்துப் பெண்ணை நேசிக்கிறான். இதைப் படித்ததும் இரண்டு பேர் எழுந்து போய்விடுவார்கள். மறுநாள் உங்கள் மாமாவுக்குப் போன் வரும். அந்தப் பெண்தான் முதல் காட்சிக்கு முன்பே செத்துவிட்டாளே என்று விளக்கிப் பாருங்கள். செத்தவளின் குலம் எது என்பார்கள்.

கடைசியில் மிஞ்சுவது ஒரு நல்ல ராஜா, ஒரு நல்ல மகன். அப்பா நாட்டைக் கொடுக்கிறார். மகன் சரி என்கிறான். இதை இரண்டு மணி நேரம் ஓட்ட வேண்டும். இங்கேதான் உங்கள் திறமையைக் காட்ட வேண்டும்: மகன் உடனே சரி என்று சொல்லிவிடக் கூடாது.

8. கணக்குக் கேளுங்கள், பதிலைக் கேட்காதீர்கள்

செலவுக்கு ஒரு முறை உண்டு. மேடையும் பந்தலும் முதலில். மைக் செட்டுக்காரர் குழாயைத் தென்னையில் கட்டும் முன்பே பாதிப் பணம் வாங்கிவிடுவார். ஜெனரேட்டர்காரர் டீசலுக்குத் தனியாக வாங்குவார். மேக்கப்காரர் ஒரு கன்னத்துக்குப் பவுடர் பூசிவிட்டு மறு கன்னத்துக்கு முன் பணத்தை எண்ணுவார். அவரிடம் பாடம் கற்க வேண்டும், நீங்கள் கற்க மாட்டீர்கள். டோப்பா, உடை, சீன் படுதா எல்லாம் வாடகை, கையில் காசு வந்தால்தான் பெட்டி திறக்கும். நோட்டீஸ் அச்சுக்கூலி உண்டு. டீக்கடைக்குக் கடன் உண்டு. எழுதினவர் என்ற வரி கணக்கு நோட்டில் எங்கே இருக்கிறது என்று பொருளாளரிடம் போய்க் கேளுங்கள்.

“அண்ணாச்சி, நம்ம காரியம்...”

“எந்தக் காரியம் மக்கா?”

“எழுதினதுக்கு...”

“அதுக்கென்ன, நல்லாத்தானே எழுதியிருக்கே. அம்மைக்குச் செய்த காரியம். ஒனக்கு அவ குறை வைப்பாளா?”

வைக்க மாட்டாள் என்று சொல்லிவிட்டு வாருங்கள். வேறு என்ன சொல்ல முடியும்?

சட்டம் பேசலாம் என்று நினைத்தால் அதற்கும் வழி சொல்கிறேன். 1957-ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டம் உங்கள் நாடகத்தை நீங்கள் உயிரோடிருக்கும் வரையும், போன பிறகு 60 வருஷமும் காக்கிறது. படிக்கப் படிக்க நெஞ்சு நிமிரும். அப்படியே 52-ஆம் பிரிவுக்கு வாருங்கள். அமெச்சூர் சங்கம் ஒன்று, காசு வாங்காத கூட்டத்துக்கு முன்னால் நாடகம் போட்டாலோ, மத நிறுவனம் ஒன்றின் நன்மைக்காகப் போட்டாலோ, அது உரிமை மீறல் ஆகாது. நம் மாவட்டத்தில் நாடகம் போடுகிற இடங்களை மனசுக்குள் எண்ணிப் பாருங்கள். அம்மன் கோயில், சாஸ்தா கோயில், சர்ச் பண்டிகை, வாலிபர் சங்க ஆண்டு விழா. பிரிவை எழுதினவர் நம் பொருளாளருக்கு உறவாக இருப்பாரோ என்று ஒரு சந்தேகம் வரும்.

டிக்கெட் போட்டு நடத்தலாமே என்பீர்கள். நடத்துங்கள். நாகர்கோவிலில் ஒரு ஹால் எடுங்கள். மழைக்காலம் பார்த்துத் தேதி வையுங்கள். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டுமே நமக்கு உண்டு என்பதால் தேதிக்குப் பஞ்சமில்லை. டிக்கெட்டில் முக்கால் பங்கை ‘பாஸ்’ என்று கொடுங்கள். பாஸ் வாங்கினவர்களும் வரமாட்டார்கள், ஆனால் ஏன் முன்வரிசை பாஸ் கொடுக்கவில்லை என்று சண்டைக்கு வருவார்கள்.

இப்போது, முதலில் சொன்ன சங்கரதாஸ் சுவாமிகள் கதை. மதுரைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகங்களில் இன்றைக்கும் ‘வள்ளி திருமணம்’ நடக்கிறது, ‘பவளக்கொடி’ நடக்கிறது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் வேறொரு ஊர். அன்று சாயங்காலம் மேடைக்குப் பின்னால்தான் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். ரிகர்சல் கிடையாது, பாடம் எல்லோருக்கும் மனப்பாடம். அத்தனை பேரும் முன்பணம் பேசித்தான் வண்டி ஏறுகிறார்கள், ஆர்மோனியக்காரர் உட்பட. நூறு வருஷம் ஆகியும் அந்தப் பாடத்தை வைத்துச் சோறு சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எழுதினவருக்கு வருஷத்துக்கு ஒரு குருபூஜை. நாடகாசிரியருக்கு இதைவிடப் பெரிய வெற்றி கிடையாது என்பது என் உண்மையான அபிப்பிராயம். இந்தப் பாடத்தில் நான் கேலி பேசாத இடம் இது ஒன்றுதான், கவனக்குறைவால் வந்துவிட்டது.

நாகர்கோவில் வானொலிக்கும் நாடகம் எழுதலாம். ஆனால் அங்கே பேசின தொகை வங்கிக்கு வந்துவிடும், பொன்னாடை கிடைக்காது. ஊரில் எவனும் மதிக்கமாட்டான்.

9. ரிகர்சல்

மூன்று மாதம் வையுங்கள். முதல் நாள் எல்லோரும் வருவார்கள். அதன் பிறகு ராஜா வராவிட்டால் நீங்களே ராஜா வசனத்தைப் படியுங்கள். சேனாதிபதி வராவிட்டால் அதையும் படியுங்கள். பிராம்ட் செய்கிற பையன் ஒருவன் மட்டும் நாள் தவறாமல் வந்து, மொத்த நாடகத்தையும் மனப்பாடம் செய்துவிடுவான். அவனுக்கு எந்த வேடமும் கொடுக்காதீர்கள்.

10. அந்த இரவு

நோட்டீஸில் இரவு 9 மணி என்று போட்டிருக்கும். ஒன்பதுக்குக் குத்துவிளக்கு. பிறகு வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்த பிள்ளைகளுக்கு எவர்சில்வர் டம்ளர், நன்கொடையாளர்களுக்குப் பொன்னாடை. சர்ச்சில் அறுப்பின் பண்டிகை என்றால் ஏலம் இருக்கும். உங்கள் முதல் அங்கத்துக்கும் இரண்டாம் அங்கத்துக்கும் நடுவில் ஒரு சேவலும் ஒரு ஏத்தங்குலையும் ஏலம் போகும். சேவலுக்கு நடக்கும் போட்டியில் உள்ள விறுவிறுப்பைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். யார் விட்டுக்கொடுப்பார், யார் ஏற்றுவார், மச்சினன் முகம் ஏன் சிவக்கிறது என்று ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். குறித்து வைத்துக்கொண்டு, எதிலும் பயன்படுத்தாதீர்கள்.

நாடகம் ஒரு மணிக்குத் தொடங்கும். பாயில் பிள்ளைகள் உறங்கியிருக்கும், அவர்களைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் போயிருப்பார்கள். ராஜா மேடைக்கு வந்து முதல் வசனத்தை மறப்பார். பக்கத்துப் படுதாவுக்குள்ளிருந்து பையன் எடுத்துக் கொடுப்பான், அது மைக்கில் விழும். ராஜா அதைத் திருப்பிச் சொல்வார். ஆகவே உங்கள் ஒவ்வொரு வசனமும் இரண்டு முறை ஒலிக்கும். எந்த எழுத்தாளனுக்குக் கிடைக்கும் இந்தப் பாக்கியம்?

மகன் நாட்டை ஏற்றுக்கொள்ளப் போகிற நேரத்தில் கோயிலில் மணி அடிக்கும். தீபாராதனை. நாடகத்தை நிறுத்துவார்கள். ராஜா கிரீடத்தோடு போய்க் கும்பிட்டு, திருநீறு பூசிக்கொண்டு வருவார். ஜனங்கள் அப்படியே வீட்டுக்குப் போய்விடுவார்கள். மைக் செட்டுக்காரர் கொட்டாவி விட்டபடி, “இன்னும் இருக்கா?” என்று கேட்பார். இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

நன்றியுரையில் ஜெனரேட்டர்காரர் பெயர் வரும். பந்தல்காரர் பெயர் வரும். பெயர் விட்டுப்போயிருந்தால் மன்னிக்க வேண்டும் என்று வரும். அதுதான் நீங்கள்.

11. அடுத்து என்ன

புத்தகம் போடுங்கள், சொந்தக் காசில். அணிந்துரைக்கு ஒரு பேராசிரியரைப் பிடியுங்கள். பாடத்தில் வைத்துவிட்டால் வருஷா வருஷம் வாசகர் உண்டு, ஐந்து மதிப்பெண் வினாவுக்காகவாவது படிப்பார்கள். மீதிப் பிரதிகளைக் கல்யாண வீடுகளில் மொய்க்கவரோடு கொடுங்கள்.

அடுத்த வருஷம் உங்கள் ஊரில் நாடகம் இருக்காது, பட்டிமன்றம் என்று முடிவாகியிருக்கும். ஆனால் பக்கத்து ஊர்க் கொடைக்கு உங்கள் நாடகத்தையே எடுத்திருப்பார்கள். நோட்டீஸில் ‘கதை, வசனம்: விழாக் கமிட்டி’ என்று இருக்கும். கோபித்துக்கொண்டு போய் நிற்காதீர்கள். 52-ஆம் பிரிவை அவர்களும் படித்திருக்கலாம். அவர்கள் ரசீது புத்தகத்தோடு உங்கள் வீட்டுக்கு வருவார்கள், நீங்கள் உத்தியோகத்தில் இருப்பவர் அல்லவா. தாராளமாக எழுதுங்கள். எழுதிக் கையெழுத்துப் போடும் முன், இந்தத் தொகைக்கு ராஜா வேடம் வருமா, சேனாதிபதிதான் வருமா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.